கரிச் சுவர் முன் ஒரு நிமிடம்

இருபது வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சு கிராமத்து விவசாயி எலுவா விற்ற இடிந்த கோட்டையை, வாங்கிய திபோ கல் கல்லாகச் செப்பனிட்டு நிமிர்த்தியிருந்தார். செப்டம்பர் மாதப் பாரம்பரிய தினத்தில் ஊர்க்காரர்களுக்கு இலவச அனுமதி. எலுவாவும் மனைவி லூசெட்டும் கூட்டத்தோடு பெரிய கூடத்துக்குள் நுழைந்தார்கள்.

திபோ கரி படிந்த ஒரு சுவரைக் காட்டினார். முன்னால் கண்ணாடித் தடுப்பு, மேலே தனி விளக்கு.

"எல்லாத்தையும் புதுப்பிச்சேன், இதை மட்டும் தொடலை. அறுநூறு வருஷத்துக்கு முன்னால இங்கிலீஷ்காரன் தீ வெச்சானே, அந்தப் புகை இது. உள்ள மாட்டுன வீரர்கள்ல ஒருத்தர்கூடத் தப்பலை."

பாரிஸிலிருந்து வந்த பெண்மணி ஒருத்தி மூச்சை இழுத்தாள். "இப்பவும் அந்த வாடை வருது, மெஸ்யே!"

லூசெட் கணவனின் விலாவில் இடித்தாள். "வாயைத் திறந்து சொல்லேன்யா."

"சும்மா இருடி."

"செத்தவங்களுக்காக ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்" என்றார் திபோ, குரல் தழுதழுக்க. கூட்டத்தில் இருந்த மேயர்கூடத் தலை குனிந்தார். எலுவா தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து, திபோ தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வெளியே வந்ததும் லூசெட் பொரிந்தாள். "சரியான அழுத்தக்காரன்யா நீ! முப்பது வருஷமா அந்தச் சுவர்லதான் பன்னித் தொடையைத் தொங்கவிட்டு, கறி கெடாம இருக்கப் புகை போட்டோம்னு சொல்லியிருந்தா, குறைஞ்சா போயிருப்பே?"

"சொல்லத்தான் நினைச்சேன்" என்றபடி எலுவா தொப்பியை மாட்டிக்கொண்டார். "நம்ம பன்னிங்களுக்கு மேயரே தலை குனிஞ்சு மரியாதை பண்றப்போ, நான் எதுக்குடி கெடுக்கணும்?"