சிவப்புக் கோடு

கரமனையில் ஹெட்மாஸ்டராகவும் அக்ரஹார சமூகத்தின் தலைவராகவும் முப்பது வருஷம் உழைத்த பிச்சுமணி சார் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குப் புதியவனான அனந்த், நினைவு மலருக்காக, அவரிடம் வேலை பார்த்த விஜயலக்ஷ்மி டீச்சரைக் கோயில் வாசலில் பிடித்தான்.

"சாரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்கோ டீச்சர்."

"நல்லதாவா? அஞ்சு நிமிஷம் லேட்டானா ரெஜிஸ்டர்ல சிவப்புக் கோடு போட்டுடுவார். அந்த ஸ்கூல்லயே எனக்குத்தான் கோடு ஜாஸ்தி."

அனந்த் எழுதுவதை நிறுத்தினான். இதை எப்படி மலரில் போடுவது?

"ஒருநாள்கூட விட்டுக் கொடுக்கலையா?"

"கேட்டா, 'படிக்கற குட்டிகளுக்கு ஒரு நியாயம், டீச்சருக்கு ஒரு நியாயமா?'ம்பார். அவர் சொன்னது சரிதான். அதனாலதான் எனக்கு இன்னும் கோபம்."

"நீங்க கொஞ்சம் சீக்கிரமாக் கிளம்பியிருக்கலாமே?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"எப்படிக் கிளம்பறது? சுடச்சுட நாலு தோசையைச் சாப்டுட்டு, கோடு போடற மனுஷர் எனக்கு முன்னாடி ஸ்கூலுக்குப் போயிடுவார். அவர் தட்டையும் அலம்பி வச்சு, வீட்டைப் பூட்டிண்டு நானில்லையா ஓடணும்?"