நாற்காலி கிடைத்த நாள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இந்த வருஷம் என் தோட்டத்து வள்ளிக்கிழங்கு அத்தனையும் புழுத்துப் போகட்டும்!

எங்கள் டோங்காவில் பிரபு ஒருவர் பேசினால் மற்றவர்கள் பாயில்தான் உட்கார வேண்டும். யார் தலையும் அவர் தலைக்கு மேலே போகக் கூடாது. பத்திரிகையாளர்களும் சப்பணமிட்டுத்தான் குறிப்பெடுத்தார்கள்.

பத்திரிகையாளர் சங்கத் தலைவர் லோபெத்திக்கு இது பொறுக்கவில்லை. வக்கீல், டாக்டர் மாதிரி நாமும் ஒரு தொழில் செய்கிறவர்கள், தரையில் கிடப்பவன் எப்படித் துணிந்து கேள்வி கேட்பான் என்று நடையாய் நடந்து, கடைசியில் நாற்காலியில் உட்கார அனுமதி வாங்கிவிட்டார்.

சூறாவளி நிவாரணம் பற்றி அமைச்சராக இருந்த பிரபு ஒருவர் பேட்டி தருகிற நாள். எல்லோரும் நாற்காலியில். வானொலி நிருபர் செய்னி என்ற பெண் மட்டும் தரையில், பாயில்.

லோபெத்தி குனிந்து பல்லைக் கடித்தார். "மானத்த வாங்காத செய்னி. மேல வந்து உக்காரு. இல்ல, உன் சங்க அட்டைய இன்னைக்கே பிடுங்கிருவேன்."

அட்டை போனால் வேலையும் போகும்.

"எங்க உக்காந்தா என்னண்ணே, வாய் அதே இடத்துலதான இருக்கு?"

ஜால்ரா என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

பிரபு வந்தார். குள்ளமான மனிதர். நாற்காலிக்காரர்களுக்கு வியர்த்துவிட்டது. தலை உயர்ந்துவிடுமே என்று ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். லோபெத்தி சரிந்த சரிவில் முழங்கால் காதைத் தொட்டது.

அந்தக் கோலத்திலேயே, பிரபுவின் பயணம் சுகமா என்று கேட்டார். அடுத்தவர், உடம்பு சுகமா என்றார். மூன்றாமவர் நாற்காலிக்கு நன்றி சொன்னார்.

செய்னி தலைகுனிந்து, பிரபுக்களிடம் மட்டுமே பேசும் மரியாதைச் சொற்களாகப் பொறுக்கியெடுத்துக் கேட்டாள்:

"பெருமானே, வீடிழந்தவர்களுக்கென்று கப்பலில் வந்த கூரைத் தகடுகள், தங்கள் பன்றிக் கொட்டகைமேல் எப்படி எழுந்தருளின?"

பிரபு எழுந்து போய்விட்டார். கேள்வி வானொலியில் போனதும் தகடுகள் இறங்கி, போகவேண்டிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

செய்னியின் அட்டையும் போனது. தரையில் உட்கார்ந்ததற்காக இல்லை. பெரிய மனிதரிடம் மரியாதைக் குறைவாகப் பேசினாள் என்று சங்கம் தீர்மானம் போட்டது. லோபெத்தி அதை நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார்.

சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். லோபெத்தி என் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு அவர் வீட்டில்தான்.