இருபத்தோராவது நாள்

ஆட்சேபணைக் கடிதம் வாங்கும் ஜன்னலை மூட இன்னும் பதினெட்டு நிமிடம்தான் இருந்தது.

தையல்காரி கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீவிவிட்டாள். எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததில் மடிப்பு நைந்து, கிழியப் பார்த்தது.

இன்று இருபத்தோராவது நாள். கடைசி நாள்.

எதிர்ச்சுவரில் பள்ளத்தாக்கின் வரைபடம் தொங்கியது. முழுக்கப் பச்சை. பச்சைக்குள் யாரும் நினைத்தபடி வீடு கட்டிவிட முடியாது. மனுப் போட்டவர் முதலில் மூங்கில் நட்டு, கயிறு இழுத்து, வீடு எவ்வளவு உயரம் வரும் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். இருபத்தொரு நாளைக்குள் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மனு செத்தது.

இப்போது மூங்கில் நட்டிருப்பவன் அவள் அண்ணன். தான் குடியிருக்கும் பழைய வீட்டைச் சுற்றி, அதைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு.

பக்கத்து நிலம் அவளுடையது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் துண்டு நிலத்தில் அவளும் மூங்கில் நட்டாள். மாடியெல்லாம் இல்லை. ஒரே ஓர் அறை. புருஷனை விட்டு வந்தவளுக்கும் மூன்று வயது மகளுக்கும் ஒரு கூரை.

அண்ணன் எழுதிக் கொடுத்தான்: 'மலைச்சரிவின் இயற்கை அழகு கெடும்.'

அதோடு விட்டானா? அவள் நட்ட மூங்கிலைப் பிடுங்கித் தன் வீட்டு அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து தையல் கடைக்குப் பின்னால் வாடகை அறை. துணி வெட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் மகள் படித்து வளர்ந்தாள்.

அண்ணனின் அந்த வரியைத்தான் இவளும் தன் கடிதத்தில் எழுதியிருந்தாள். எழுத்து மாறாமல். நில எண் மட்டும் வேறு.

எழுதி முடித்தது முதல் நாளே. கொடுக்கத்தான் கை வரவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"கூடப் பொறந்தவன்னு உருகுறியாக்கும்? உனக்கெல்லாம் ரோஷமே கிடையாதாடி?" என்று பக்கத்துப் பூட்டுக் கடைக்காரி தினமும் குத்திக் காட்டினாள்.

பத்தாம் நாள் அண்ணனே கடையேறி வந்தான். சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டதாம். ஊரில் வேறு தையல்காரியே இல்லாத மாதிரி.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா" என்றான், சுவரைப் பார்த்தபடி.

அவள் பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். "வேலை எப்பண்ணே ஆரம்பிக்கிற?" என்றாள்.

அந்த 'அண்ணே'யில் அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தேதியைச் சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டே போனான்.

"அடுத்து யாருங்க?"

ஜன்னலுக்கு உள்ளிருந்த குமாஸ்தா கடிதத்தைப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கண்ணன் மனுவாச்சே! கொடுக்கிறதை முதல் நாளே கொடுத்திருந்தா அவருக்கும் அலைச்சல் மிச்சமில்லையா?"

முத்திரை குத்தும் வரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக்.

அவள் முகம் போன போக்கில், பாவம், வருத்தப்படுகிறாள் என்று குமாஸ்தாவுக்குத் தோன்றியது போலும். ரசீதைக் கிழித்து நீட்டியபடி குரலைத் தாழ்த்தினார்.

"மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கம்மா. புது வீடு இல்லேன்னா என்ன, குடியிருக்கிற வீடு அப்படியே இருக்கே. நிக்கிற வீட்டை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. வெறும் தரையாக் கிடந்தாத்தான் வம்பு. இப்பல்லாம் பச்சைக்குள்ள வெறும் தரைக்கு நாங்க மனுவே வாங்குறதில்லை."

"தெரியும் சார்."

ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இருபது நாளா யாரும் எழுதலைங்கிற தைரியத்துல, இன்னைக்குக் காலையில வீட்டை இடிச்சுட்டாரு. கடைசிச் சுவர் விழுற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் வர்றேன்."