அணைக்கக் கூடாத எஞ்சின்

குளிர்தான் அர்சானை எழுப்பியது. கண்ணைத் திறந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. லாரியில் சத்தம் இல்லை.

நவம்பரில் ஸ்டார்ட் செய்த எஞ்சின். ஏப்ரல் வரை அணைக்க மாட்டான். சாப்பிடும்போதும் ஓடும், தூங்கும்போதும் ஓடும். சைபீரியாவின் யாகுத்ஸ்க்கிலிருந்து வடக்கே லோடு அடிக்கிற எல்லாருக்கும் அதுதான் வழக்கம்; அணைத்தால் குளிரில் உறைந்து, திரும்ப ஓடாது.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு டிகிரி. அடுத்த ஊருக்கு நூற்றெண்பது கிலோமீட்டர். பகல் பதினொன்றுக்கு அப்போதுதான் லேசாக வெளுத்திருந்தது.

மேலே கிடந்த ஆட்டுத்தோல் கோட்டை உதறித் தள்ளிவிட்டு எழுந்தான். தலை சுற்றியது. வயிற்றைப் புரட்டியது. பயம் வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இரண்டு பக்கக் கதவும் திறந்து கிடந்தன. சாவி, அணைக்கிற பக்கம் திருப்பப்பட்டிருந்தது.

தானாக நின்ற எஞ்சின் சாவியைத் திருப்பி வைக்காது. யாரோ வேண்டுமென்றே செய்த வேலை!

சாவியைத் திருகினான். 'டக்' என்றது. இன்னொரு தடவை திருகினான். மறுபடியும் 'டக்.' செல்ஃப் எடுக்கவில்லை.

அக்டோபரிலேயே டிப்போ மெக்கானிக் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"நாலு பேட்டரி வச்சுக்கடா. ரெண்டு வெளியே பெட்டியில, ரெண்டு உள்ளே உன் படுக்கைக்கு அடியில. வெளியே இருக்கிறது குளிர்ல சார்ஜே ஏறாம சவமாக் கிடக்கும். கதகதப்பா உள்ளே இருக்கிறதுதான் ஆபத்துக்கு உதவும்."

"அணைக்கவே போறதில்ல, அப்புறம் எதுக்கு நாலு? ரெண்டே போதும். படுக்கைக்கு அடியில என் பூட்ஸுக்கே இடம் இல்ல!" என்றான் அர்சான்.

நாலு வைத்துக்கொண்டது துயாரா மட்டும்தான். டிப்போவின் ஒரே பெண் டிரைவர்.

"அக்கா பேட்டரிக்குப் போர்வை போத்தி, தாலாட்டுப் பாடித் தூங்க வைக்குதாம்!" என்று டிப்போவே சிரித்தது. ஆரம்பித்து வைத்தது அர்சான்.

இப்போது, குளிர்காலத்தில் சாலையாகிவிடுகிற உறைந்த ஆற்றின் மேல் நின்றவை இரண்டே லாரிகள்தான். ஒன்று அவனுடையது. பின்னால் நிற்பது துயாராவுடையது.

கீழே குதித்தான். கால் மடங்கிப் பனியில் விழுந்தான். அவன் லாரிக்கு அடியிலிருந்து யாரோ தவழ்ந்து வெளியே வந்தார்கள்.

துயாரா! கையில் குறடு.

"நீதானா? நீதான் அணைச்சியா?" கத்தினான்.

"நான்தான். எந்திரி."

"கொலைகாரி! நாலு பேர் முன்னாடி கேலி பண்ணினதுக்கு உயிரையா எடுப்பே?"

"அப்புறமாத் திட்டு. எஞ்சின்ல இன்னும் பத்து நிமிஷத்துக்குத்தான் சூடு இருக்கும். அது போச்சுன்னா, உங்கப்பனே வந்தாலும் ஓடாது. தனியாத் தூக்க முடியல, வந்து ஒரு கை பிடி."

அவளை அங்கேயே அடித்துப் போட்டிருப்பான். சாவு பயம் கையைக் கட்டிப் போட்டது. அவள் கேபினிலிருந்து பேட்டரிகளை ஒவ்வொன்றாக இருவரும் தூக்கி வந்தார்கள். இடுப்பை ஒடிக்கிற கனம். நடுவழியில் அர்சான் வாந்தி எடுத்தான். அவள் பேட்டரியைக் கீழே வைத்துவிட்டு, அவன் முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேபிளை நீயே மாட்டு. என் விரல் மடங்கல."

மாட்டினான். ஏறி உட்கார்ந்தான். இதுவும் எடுக்கவில்லை என்றால்? போன வருஷம் இதே ஆற்றில் விறைத்துச் செத்த ஒருவனை, உட்கார்ந்த நிலையிலேயே இறக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகினான்.

எஞ்சின் முக்கியது. நின்றது. மறுபடி முக்கியது. ஒரு இருமல், அப்புறம் இன்னொன்று. திடீரென்று லாரி மொத்தமும் அதிர்ந்து உயிர் பிடித்தது.

அர்சான் ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்து அழுதான். அழுது முடிந்ததும் பயம் போய்க் கோபம் திரும்பி வந்தது.

"டிப்போவுக்குப் போனதும் முதல் வேலை, உன் லைசென்ஸைப் பிடுங்க வைக்கிறதுதான்!"

"பிடுங்க வை. ஆனா கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி விட்டே ஓட்டு."

"எதுக்கு?"

அவள் கீழே கை காட்டினாள். அர்சான் இறங்கிக் குனிந்து பார்த்தான்.

அவன் படுக்கைக்கு நேர் கீழே சைலன்சர் குழாய் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. அதற்கு மேல் கேபின் அடித்தகடு முழுக்கக் கரி. விரிசலைச் சுற்றிக் கெட்டிப்பால் டப்பாத் தகரம், கம்பி போட்டு இறுக்கியிருந்தது.

"டீத்தூள் கேக்கலாம்னு வந்தேன். கேபின் பூரா புகை நாத்தம். ஓடுற எஞ்சின்ல அந்தக் குழாயைத் தொட முடியுமா? அதான் அணைச்சேன்."

அர்சான் நிமிர்ந்தான். அப்போதுதான் கவனித்தான். அவள் கோட்டு இல்லாமல் வெறும் கம்பளிச் சட்டையோடு நின்றாள். விரல் நுனியெல்லாம் மெழுகாக வெளுத்திருந்தன. அவன் உதறித் தள்ளிய ஆட்டுத்தோல் கோட்டு அவளுடையது.

"அக்கா... என்னை எழுப்பியிருக்கலாமே..."

"கன்னத்துல அறைஞ்சுகூடப் பாத்தேன். முனகல் மட்டும்தான் வந்துச்சு." துயாரா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எஞ்சின் நின்னா திரும்ப ஓட வைக்க எங்கிட்ட பேட்டரி இருக்கு. நீ நின்னுட்டா நான் எதைடா மாட்டுவேன்?"