கிழியாத அச்சு

பல் டாக்டர் எஸ்தரின் அலமாரியில், பல்லுக்கு அச்செடுக்கும் ரப்பர் பசைக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. அன்று சபாபதிக்குப் பல்லின் மேல் உறைபோல மாட்டும் கேப் போட வேண்டும். முதலில் அச்சு மாவைக் குழைத்து அச்செடுத்தார்கள். வாயிலிருந்து எடுக்கும்போது ஈறோரம் கிழிந்துவிட்டது. டாக்டர் அதைக் குப்பையில் போட்டார்.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்று டப்பாவில் மிச்சமிருந்த மாவிடம் ரப்பர் கேட்டது.

"தாங்க முடியல, கிழிஞ்சிட்டேன். பாத்தாங்க, வேற எடுக்கறாங்க. அவ்வளவுதானே?" என்றது மாவு.

அடுத்து ரப்பர் வாய்க்குள் போனது. பல்லிடுக்கில் வசமாக மாட்டிக்கொண்டது. டாக்டர் இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டு கொடுத்து, கிழியாமல் வெளியே வந்தது. "பிரமாதம்!" என்றார் டாக்டர். நீண்ட ஓரம் பழையபடி சுருங்காமல் நின்றதை யாரும் கவனிக்கவில்லை, ரப்பர் உட்பட.

ஒரு வாரம் கழித்து, அந்த அச்சை வைத்துச் செய்த கேப் வந்தது. பல்லில் உட்காரவே இல்லை. டாக்டர் அழுத்திப் பார்த்தார், தேய்த்துப் பார்த்தார். சபாபதி அலறினார்.

"என்னாச்சு?" என்றது மாவு.

கேப்போடு திரும்பி வந்து மேஜைமேல் கிடந்த ரப்பர் நிமிர்ந்துகொண்டது. "எம்மேல ஒரு கீறல் இருந்தா காட்டு பாப்போம். அந்த ஆளுக்குப் பல்லுதான் கோணல்."