வழியில் நிற்கும் கார்

"இந்த வெள்ளைக் காரை மட்டும் கேக்காதீங்க சார். வழியில நின்னுடும்."

சொன்னது பழைய கார்களை வாங்கி விற்கும் தரகர். தன் சரக்கின் குறையைத் தானே போட்டு உடைப்பதால், பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'உண்மைவிளம்பி'.

எதிரே ஒரு அப்பாவும் மகளும். மகளுக்குப் புது வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். நெடுஞ்சாலையில் பஸ் நிற்காத இடத்தில் அலுவலகம். கார் இல்லாவிட்டால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

தரகர் சாம்பல் நிறக் காரைக் காட்டினார். ஒரே டாக்டர் கையில் இருந்ததாம், மிதித்தால் பறக்குமாம். அப்பா அதைக் கடனே என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி வெள்ளைக் காரிடமே வந்து நின்றார். பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தார். சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தார். டயரைத் தடவினார். இன்ஜின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க பார்த்ததெல்லாம் புதுசுதான் சார். இன்ஜின்தான் கிழம். மேட்டுல லாரிக்காரன்கூட நம்மளப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போவான்."

"எவ்வளவு வேகம் போகும்?"

"அறுபது. அதுக்கு மேல தலைகீழா நின்னாலும் போகாது."

வந்ததிலிருந்து இறுகிக் கிடந்த அப்பாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. இதையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆபீஸில் மானம் போகும் என்று மகள் முனகினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தவள், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

தரகருக்குத்தான் மனசு ஆறவில்லை.

"பொண்ணு தனியா போகுது சார். நடுவழியில நின்னா என்ன பண்ணும்?"

"போன் பண்ணுவா. நான் போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்."

வீட்டில் வேறு கார் இல்லையா என்று தரகர் கேட்டார். அண்ணனுடையது ஒன்று இருக்கிறது என்றாள் மகள், காரில் ஏறி உட்கார்ந்தபடி.

"அதையே ஓட்டலாமேம்மா. அதுவும் மக்கர் பண்ணுமா?"

"மக்கரா?" அப்பா குனிந்து மகளுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டார். "ஒரு குறை இல்லாம நான் தேடித் தேடி வாங்கிக் கொடுத்தது. அவன் போன அன்னிக்குக்கூட வழியில நிக்கல. போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நசுங்கிக் கிடக்கு. ஸ்பீடு மீட்டர் முள்ளு மட்டும் இன்னும் நூத்தி நாப்பதுலயே நிக்குது."