உச்சியில் புகை

மரம் விழுந்த சத்தம் அடங்க வெகுநேரம் பிடித்தது. பள்ளத்தாக்கு அதை எதிர்மலைக்கு அனுப்ப, எதிர்மலை திருப்பி அனுப்ப, ஒருவழியாக ஓய்ந்தபோது அவளுக்குக் காது அடைத்துப்போயிருந்தது.

அவள் அந்தக் காட்டின் காவலர். அறுத்தது அவள் கணவன். அறுக்கச் சொன்னது அவள்.

"உச்சியப் பாத்துட்டு வரேன். நீ இங்கயே இரு."

சொல்லிவிட்டு, விழுந்த மரத்தின் ஓரமாகவே அவன் நடந்து போனான். கொஞ்ச நேரத்தில் தூசி அவனை மறைத்தது. அந்த மரத்தின் அடியிலிருந்து உச்சிக்கு ஒரு மனுஷன் நடந்தே போய்விடலாம் என்று ஆனது இன்றைக்குத்தான்.

அறுப்பு ஆட்களில் ஒருவனுக்குக் குள்ளன் என்று பேர். ஆறடிக்கு மேல் இருப்பான். அவன் மரத்தை ஒட்டிப் போய் நின்று, கையைத் தூக்கி மேல்பக்கம் எட்டுகிறதா என்று பார்த்தான். எட்டவில்லை.

"படுத்த பிறகும் நம்மளவிட உசரமாத்தான் இருக்கு, அக்கா."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கட்டும் என்று அவனும் சொல்லவில்லை போல.

காட்டுத்தீ வந்துபோய் ஒரு மாதமாகிறது. சுற்றியிருந்த இளமரங்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே கரிக்கட்டையாகிவிட்டன. இது மட்டும் தப்பித்தது. பட்டை ஒரு முழம் தடிமன். நெருப்பு நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இப்படி எத்தனை தீயை அது வழியனுப்பி வைத்ததோ. உயரம் இவ்வளவு போதும் என்று எந்தக் காலத்திலோ முடிவுசெய்துவிட்டு, அதற்கப்புறம் நூற்றாண்டுக் கணக்கில் நிதானமாகப் பருத்துக்கொண்டிருந்த மரம்.

தீக்குப் பிறகு மழை பெய்தது. மழைக்குப் பிறகு, காவல் குடிசை வாசலில் நின்று பல் தேய்க்கும்போது, அவள் அதைப் பார்த்தாள். உச்சியில் நூல் மாதிரி ஒரு புகை. மறுநாள் காலையும் இருந்தது. அதற்கு மறுநாளும்.

அடியில் தீ அணைந்தாலும், ஒரே ஒரு பொறி உச்சிப் பொந்தில் போய் உட்கார்ந்துவிட்டால் மாதக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். பெருங்காற்று அடித்தால் அந்த உயரத்திலிருந்து பொறி மலையைத் தாண்டும். மலைக்கு அந்தப் பக்கம் வீடுகள். இன்று மாலை பெருங்காற்று வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

தீப்பட்ட மரத்தில் யாரையும் ஏற்ற முடியாது. எந்தக் குழாய்த் தண்ணீரும் பாதி உயரம்கூட எட்டாது. ட்ரோன் ஒன்று அனுப்பினார்கள். அது முதல் கிளையிலேயே மாட்டிக்கொண்டது.

கணவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான்.

"நல்லாப் பாத்தியா? புகைதானா?"

"புகைதாங்க."

இப்போது அடிக்கட்டையின் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த வார்த்தையை அவள் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் மெலிந்தது.

அங்கே மேலே இருப்பது வெறும் மரம் இல்லை. கிளைக் கவட்டைகளில் காலங்காலமாக இலை மக்கி மண்ணாகி, அந்த மண்ணில் பாசியும் பெரணியும் செடிகளும் வேர்விட்டு, தனியாக ஒரு தோட்டமே இருக்கும். வேர் உறிஞ்சுகிற தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறி வரும்வரை உச்சி இலைகள் காத்திருப்பதில்லை. மூடுபனியை நேராகவே குடித்துக்கொள்ளும். மழை பெய்த மறுநாள் காலை வெயில் பட்டால், அந்த ஈரமெல்லாம் ஆவியாக எழும்பும். கீழேயிருந்து பார்த்தால் அதுவும் வெள்ளையாக, மெல்லிசாக, நூல் மாதிரிதான் தெரியும்.

இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருப்பதும் தெரியும்.

வெட்டுமுகத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. விரலால் துடைத்தாள். மறுபடி கசிந்தது. வேர்களுக்கு இன்னும் சேதி போய்ச்சேரவில்லை.

தூசிக்குள்ளிருந்து அவன் வெளியே வந்தான். இரண்டு கையும் முழங்கைவரை கரி. நெற்றியிலும் ஒரு தீற்றல்.

"நெருப்புதான்," என்றான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "உள்ளுக்குள்ள கனன்னுக்கிட்டு இருந்துச்சு. மண்ணப் போட்டு மூடிட்டேன். நீ சொன்னது சரி."

குள்ளன் பெருமூச்சு விட்டான். "நல்லவேளை, அக்கா. இல்லேன்னா என்ன ஆயிருக்கும்." இன்னொருவர் வயர்லெஸ்ஸை எடுத்து அலுவலகத்துக்குச் சொல்லப் போனார்.

"நானும் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்," என்றாள்.

"வேணாம். சூடா கெடக்கு."

சொல்லிக்கொண்டே அவன் அவள் போகவிருந்த பக்கமாக ஒரு எட்டு நகர்ந்து நின்றான். பதினெட்டு வருஷத்தில் அவள் வழியில் அவன் அப்படி நின்றதில்லை. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்தான்.

அப்போதுதான் அவனுடைய சட்டை மடிப்பில் அது கண்ணில் பட்டது. நகத்தளவு ஒரு பச்சைத் தவளை. தொண்டை துடித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தவளையைத் தரையில் யாரும் பார்த்ததில்லை. உச்சியில், ஊறிக் கிடக்கும் பாசிக்குள்ளேயே பிறந்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகிற இனம். கொஞ்சம் காய்ந்தாலே தாங்காது. நெருப்பின் பக்கத்தில் ஒரு நொடிகூட இருக்காது.

அவன் கைக்கரியைப் பார்த்தாள். கரிக்கு அந்தக் காட்டில் பஞ்சமில்லை.

குள்ளன் திரும்புவதற்குள், சட்டையைத் தட்டிவிடுகிற மாதிரி அவள் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"மொதல்ல போய் கையக் கழுவுங்க."

மூடிய அவள் கையை அவன் பார்த்தான். அதில் என்ன என்று கேட்கவில்லை.